வீட்டிற்கு ஏற்ற கட்டிலைத் தெரிந்தெடுத்தல்

(காட்டுப்பள்ளிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய பேச்சு)



விதை, உரம், வலை, கடன், வட்டி ஆகியவற்றைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று கட்டிலைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். இதுவும் ஒரு விஷயமா என்று சிலர் நகைக்கலாம். ஆனால் மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறான். அந்தக் காலம் முழுவதும் அவனைத் தாங்குவது எதுவோ, அதைப் பொறுத்தே அவனுடைய முதுகும், மறுநாள் அவன் செய்யும் வேலையும், சிற்சில சமயங்களில் அவனுடைய உயிரும் இருக்கின்றன. ஆகையால் சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. கட்டில் என்பது உறங்குகிறவர்களைத் தரையினின்றும் உயர்த்துவதற்கு ஏற்பட்ட சாதனம். வந்தவர் பார்த்து மெச்சுவதற்கு ஏற்பட்ட பொருளன்று. நம் வீடுகள் பலவற்றில் கலியாணச் சீராக வந்த பெரிய கட்டில் ஒன்று அறையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இருவர் படுக்கிறார்கள். சில வீடுகளில் துணிமூட்டைகளே படுக்கின்றன. பாட்டனும் பாட்டியும் குழந்தைகளும் பாயை விரித்துத் தரையில் படுக்கிறார்கள். வீட்டில் எவருக்கு அதிகப் பாதுகாப்பு வேண்டுமோ, அவர்களே தரையில் கிடக்கிறார்கள். இந்த முறை மாறவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தரையில் படுப்பதன் அபாயம்

நம் ஊரின் நிலையை முதலில் நினைத்துப் பாருங்கள். கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு. நீர் சூழ்ந்த மணல் நிலமாதலால் தரையில் எப்பொழுதும் ஈரம் தங்குகிறது. மழைக்காலத்தில் பாயின் அடிப்புறம் நனைந்திருப்பதைப் பெண்மக்கள் அறிவார்கள். மூட்டு வலியுள்ள முதியோருக்கும், இருமலுள்ள குழந்தைகளுக்கும் இந்தக் குளிர்ச்சி துன்பத்தைக் கூட்டுகிறது.

ஈரத்தினும் கொடியது பாம்பு. நம் நாட்டில் பெரும்பான்மையான பாம்புக்கடி மரணங்களுக்குக் காரணமானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் உலாவுவது. எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டிற்குள் நுழையும். தரையில் படுத்திருப்பவர் புரளும்போது அதன்மேல் கை கால் படுமாயின் கடித்துவிடும். அந்தக் கடியில் வலி மிகக் குறைவு. வீக்கமும் பெரும்பாலும் இராது. பல்லின் தடமும் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எறும்பு கடித்தது என்று எண்ணி மறுபடியும் உறங்கிவிடுவோர் பலர். விடியற்காலையில் வயிற்று வலி தோன்றும். கண்ணிமைகள் தாமே தாழும். விழுங்குவதும் பேசுவதும் கடினமாகும். பின்னர் மூச்சு நின்றுவிடும்.

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் மாண்டதாக ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2024ஆம் ஆண்டில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக அறிவித்ததற்கும் இந்தத் தீங்கின் பெருமையே காரணம்.

இதற்குப் பரிகாரம் எளியது. தரையினின்றும் உயர்ந்த ஒரு கட்டில். அதன்மேல் நான்கு புறமும் மெத்தையின் அடியில் செருகப்பட்ட ஒரு கொசுவலை. நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, கொசுவலைக்குள் உறங்கியவர்கள் பாம்புக்கடிக்கு மிகவும் குறைவாகவே ஆளானார்கள் என்று காட்டிற்று. கொசுவைத் தடுக்க வாங்கிய வலை பாம்பையும் தடுக்கிறது. ஆயினும் வலையும் கட்டிலும் உள்ள வீட்டிலும் ஒருவருக்குக் கடித்த ஐயம் ஏற்படுமாயின், கட்டுப் போடுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மந்திரிப்பதும் கூடா. கடிபட்டவரை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்லவேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் நம் இருளர் சகோதரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த வேலையைச் செய்து வருகிறது. நம்மைப் போன்ற எளிய மக்கள் அங்கத்தினராகச் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் நாடு முழுவதும் உயிர்களைக் காக்க உதவுகிறது என்பது நமக்கெல்லாம் பெருமை தரத்தக்கது.

எதனால் செய்த கட்டில்?

கட்டில் வேண்டும் என்று தீர்மானித்தபின், எப்பொருளால் ஆனது நம் ஊருக்குத் தகும் என்று ஆராய்வோம். மதுரையிலும் சேலத்திலும் நன்றாக உழைக்கும் பொருள் கடற்கரையில் உழைக்கும் என்று எண்ணுவது தவறு.

முதலாவது இரும்பு. இரும்புக் கட்டிலில் மூட்டைப்பூச்சி தங்கும் இடுக்குகள் குறைவு; கறையான் அரிக்காது; விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் கடற்காற்றில் கலந்துவரும் உப்பு இரும்பின் விரோதி. வர்ணம் எங்கே உரிகிறதோ அங்கே துரு பிடிக்கும். பற்றவைத்த இணைப்புகளிலும் திறந்த குழாய் முனைகளிலும் முந்திப் பிடிக்கும். இரும்புக் கட்டில் வாங்குவோர் மூன்றைக் கவனிக்கவேண்டும். குழாயின் தகட்டுக் கனம் முதலாவது. கனத்தைக் கடைக்காரர் ‘கேஜ்’ என்னும் எண்ணால் சொல்வர்; அந்த எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை நினைவில் வைக்கவும். 16 கேஜ் தகடு 1.6 மில்லிமீட்டர் கனமுள்ளது. 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தது. மெல்லிய குழாய் உள்ளிருந்தே துருப்பிடித்து ஒருநாள் திடீரென்று மடங்கும். இரண்டாவது, துத்தநாகம் பூசிய குழாய் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. மூன்றாவது, குழாய் முனைகளும் கால்களின் அடியும் ரப்பர்க் குல்லாயினால் அடைக்கப்பட்டிருக்கவேண்டும். வாங்கியபின் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு, துருவைத் தேய்த்தெடுத்து வர்ணம் பூசுவது அவசியம்.

இரண்டாவது மரம். தேக்கு சிறந்தது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அதன் விலை எல்லார்க்கும் எட்டாது. தேக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே தரமும் அன்று. வைரம் பாய்ந்த உட்பாகமே நெடுநாள் உழைக்கும். ஓரத்து வெள்ளைப் பாகத்தைப் பூச்சி எளிதில் துளைக்கும். வர்ணம் அடிப்பதற்கு முன்பே மரத்தைப் பார்த்து வாங்குவது நலம். தேக்குக்கு அடுத்தபடி நம் ஊர்ப்புறத்து வேம்பையும் பூவரசையும் மறக்கவேண்டாம். பூவரசு கடலோரத்து உப்பு நிலத்திலும் தானே வளர்வது. வேம்பின் கசப்பைப் பூச்சிகள் எளிதில் நெருங்கா. இரண்டையும் வெட்டிய உடனே கட்டிலாக்கக் கூடாது. அறுத்த பலகைகளை நிழலில், காற்றுப் புகும்படி இடையே குச்சிகள் வைத்து அடுக்கி, ஈரம் முற்றும் வற்றிய பின்பே தச்சரிடம் கொடுக்கவேண்டும். ஈரமரத்தில் செய்த கட்டில் காய்ந்ததும் பொருத்துகள் தளர்ந்து, புரளும்தோறும் கிரீச்சிடும். ரப்பர் மரக் கட்டில்கள் இப்பொழுது மலிவாக வருகின்றன. அம்மரத்தில் மாச்சத்து மிகுதியாதலால், மருந்தேற்றாதது விரைவில் உளுத்துப்போகும். மருந்தேற்றியதா என்று கேட்டறிந்தே வாங்கவும்.

மூன்றாவது, மரத்தூளையும் மரச்சில்லுகளையும் பசையிட்டு அழுத்திய பலகை. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், அதன்பின் துறைமுகமும் நம் ஊரில் செயற்படத் தொடங்கிய பின், மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர் பெருகியிருக்கிறார்கள். கைபேசியில் படம் பார்த்துப் பண்டம் வாங்கும் வழக்கமும் வந்திருக்கிறது. படத்தில் பளபளப்பாகத் தோன்றும் கட்டில்களிற் பல இத்தகைய பலகையால் ஆனவை. மேலே ஒட்டிய தாள் மரத்தின் ரேகையைக் காட்டும். உள்ளே இருப்பது தூள். நீர் பட்டால் இது உப்பிவிடும். ஒருமுறை உப்பியது மறுபடி சீராகாது. திருகாணியும் அதில் நிற்காது. 2015 டிசம்பரில் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் சூழ்ந்த வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவோடு கலந்து வந்த வெள்ளத்தையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தண்ணீர் வீட்டிற்குள் வரக்கூடிய ஊரில் தூள்பலகைக் கட்டில் வாங்குவது பணத்தை நீரில் இடுவதேயாகும்.

நான்காவது, கயிறும் நாரும் நாடாவும் பின்னிய கட்டில். நம் முன்னோர் கண்ட இந்தக் கட்டிலை ஏழைமையின் அடையாளமாகக் கருதி ஒதுக்குவது அறியாமை. பனை நார்க் கட்டிலில் அடியிலிருந்தும் காற்று வருமாதலால் கோடையில் அதற்கு நிகரில்லை. பகலில் சுவரோரம் நிமிர்த்தி வைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம். ஒருவரே தூக்கி வெயிலில் போடலாம். பின்னல் தளர்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளலாம். அறுந்தால் அந்த இடத்தில் மட்டும் மாற்றலாம். குறையும் உண்டு. நடுவில் தொய்ந்த கட்டில் முதுகுவலிக்காரருக்கு ஆகாது. எனவே பின்னலை அடிக்கடி இறுக்கவேண்டும். கயிற்றின் முடிச்சுகளில் மூட்டைப்பூச்சியும் சேரும். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

அளவும் உயரமும்

கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுத்துத் தன் வீட்டை அளப்பவனே புத்திசாலி. வாசற்படியின் அகலம், அறையின் நீள அகலம், கதவு திறக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 10 அடி உள்ள அறை 100 சதுர அடி. 6¼ அடிக்கு 5 அடி உள்ள இரட்டைக் கட்டில் அதில் 31¼ சதுர அடியைக் கொள்ளும். அதாவது அறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 6¼ அடிக்கு 3 அடி உள்ள ஒற்றைக் கட்டிலோ 18¾ சதுர அடியைத்தான் கொள்ளும். ஒரு பெரிய கட்டிலின் விலையில் எளிய ஒற்றைக் கட்டில் ஒன்றும் நார்க் கட்டில் ஒன்றிரண்டும் வாங்கக்கூடுமா என்று விசாரியுங்கள். பல சமயங்களில் கூடும். ஒற்றைக் கட்டில் முதியோருக்கு நிலையாகக் கிடக்கட்டும். நார்க் கட்டில்கள் இரவில் விரிந்து பகலில் சுவரோரம் நிற்கட்டும். அப்பொழுது வீட்டில் எல்லாரும் தரையினின்றும் உயர்ந்து உறங்குவர்.

உயரம் உடம்பைப் பொறுத்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் படியவேண்டும். முழங்கால் நேராக மடங்கவேண்டும். மெத்தையோடு சேர்த்து 18 அங்குலம் அளவில் இருப்பது பெரும்பாலோர்க்கும் பொருந்தும். அதற்குத் தாழ்ந்த கட்டிலிலிருந்து மூட்டுவலியுள்ளவர் எழுந்திருக்கத் திணறுவர். மிக உயர்ந்ததிலிருந்து இரவில் இறங்கும்போது தடுமாறி விழுவர். முதுமையில் இடுப்பெலும்பு முறிவது குடும்பத்தையே முடக்கிவிடும். ஆகவே முதியவருக்கு வாங்கும் கட்டிலில் முதியவரையே உட்காரவைத்துப் பார்த்து வாங்குங்கள். சிறு குழந்தைகள் படுக்கும் கட்டில் தாழ்ந்திருப்பதும், பக்கத்தில் தடுப்பு இருப்பதும் நல்லது.

அடியில் பெட்டிபோல் அடைத்துச் சாமான் வைக்கும் கட்டில்கள் இப்பொழுது பிரபலமாயிருக்கின்றன. இடமில்லாத வீட்டிற்கு அவை சௌகரியம் என்பது உண்மையே. ஆனால் ஈரக் காற்றுள்ள நம் ஊரில் உள்ளே வைத்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும், எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அடியில் துடைப்பம் தடையின்றிச் செல்லக்கூடிய திறந்த கட்டிலே நமக்குச் சிறந்தது. வெள்ளம் வரும் என்று அறிவிப்பு வந்தால், அத்தகைய கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, அரிசியையும் பத்திரங்களையும் அதன்மேல் வைக்கலாம்.

பூச்சியும் கொசுவும்

மூட்டைப்பூச்சி உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது. அது விரும்புவது இடுக்கு. பூவும் மயிலும் செதுக்கிய தலைப்பலகை பார்வைக்கு அழகுதான். ஆனால் செதுக்கிய ஒவ்வொரு பள்ளமும் அதற்கு ஒரு வீடு. வழவழப்பான சட்டமும், மரையாணியைக் கழற்றிப் பிரிக்கக்கூடிய பொருத்தும் உள்ள கட்டிலைத் தெரிந்தெடுங்கள். மாதம் ஒருமுறை பிரித்து, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, கடும்வெயிலில் காயவையுங்கள். நார்க் கட்டிலுக்கும் இதுவே வைத்தியம்.

எறும்பு ஏறாமலிருக்கக் கட்டிற்காலின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு முட்டையிடுவது இத்தகைய சிறு நீர்த்தேக்கங்களிலேதான். எறும்பைத் தடுக்கப் போய் ஜுரத்தை வளர்க்கவேண்டாம். கிண்ணம் வைத்தே ஆகவேண்டுமானால் வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்; போர்வையும் விரிப்பும் தரையில் புரளாமல் செருகுங்கள். கொசுவலைக்கு நான்கு மூலையிலும் கம்பு நிறுத்த வசதியுள்ள கட்டிலாயின் மிகவும் உத்தமம்.

விலையும் கடனும்

இனி, சங்க அங்கத்தினர் என்ற முறையில் உங்களுக்கு மிகவும் முக்கியமானது. தவணைக்குக் கட்டில் தருகிறோம் என்று வருவோர் வட்டியை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். 24,000 ரூபாய்ச் சாமான். நூற்றுக்கு 12 வட்டி. 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முழுத்தொகைக்கும் இரண்டு ஆண்டு வட்டி 5,760 ரூபாய். இரண்டையும் கூட்டி 24ஆல் வகுத்தால் மாதம் 1,240 ரூபாய். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டியோ குறையாமல் முதல் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 21க்கும் மேலாகிறது. ஆகையால், “வட்டி குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா?” என்னும் ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

சீர்வரிசைக்காகக் கடன்பட்டு வாங்கும் கட்டில் பெண்ணுக்குச் சீராவதில்லை. அவளைப் பெற்றவருக்குச் சுமையாகிறது. பெண்ணுக்கு ஏதேனும் கொடுத்தே தீரவேண்டுமென்று தகப்பனார் விரும்பினால், எளிய உறுதியான கட்டிலும் மிச்சத் தொகைக்கு அவள் பெயரில் சங்கத்தில் ஒரு வைப்பும் கொடுக்கலாம். கட்டில் தேயும், வைப்பு வளரும்.

சங்கத்தால் வேறொரு உதவியும் கூடும். நம் ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்டது 1904ஆம் ஆண்டில். அதே ஆண்டில் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய ஐக்கிய சங்கம், அங்கத்தினருக்கு வேண்டிய பண்டங்களை மொத்தமாக வாங்கி வழங்கும் வழியைக் காட்டிற்று. அந்த வழியைக் கட்டிலுக்கும் கைக்கொள்ளலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே அளவில் பத்துக் கட்டில்கள் வேண்டுமென்று நம் பக்கத்துத் தச்சரிடம் சொன்னால், மரத்தை மொத்தமாக வாங்கலாம். அறுப்புக் கூலி குறையும். வண்டிச் சத்தம் ஒன்றே. தச்சருக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கும். பண்டம் கெட்டால் கேட்பதற்கு ஆள் ஊரிலேயே இருப்பார். தனி மனிதனாக நாம் கடைக்காரர் சொன்ன விலையை ஏற்கிறோம். சங்கமாகச் சென்றால் விலையைப் பேசுகிறோம்.

அங்கத்தினர்களே, இன்றிரவு ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் யார் யார் தரையில் படுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் வயது முதிர்ந்தவர் யார், கர்ப்பிணி யார், குழந்தை யார் என்று வரிசைப்படுத்துங்கள். அடுத்த கட்டில் அந்த வரிசையில் முதலில் நிற்பவருக்கே என்று குடும்பத்தார் கூடித் தீர்மானியுங்கள். அந்தக் கட்டில் தேக்காயினும் பூவரசாயினும், இரும்பாயினும் பனை நாராயினும், கடனின்றி வாங்கியதாகவும், தரையினின்றும் உயர்ந்ததாகவும், வலை கட்டியதாகவும் இருக்கட்டும். கிராம புனருத்தாரணம் என்பது சாலையும் கட்டடமும் மட்டுமன்று. வீட்டிலுள்ள கடைசி மனிதரும் அச்சமின்றிக் கண்மூடி உறங்குவதும் அதில் அடங்கும்.